பக்கிள்காரி மிக்கேலம்மாள்

ஆண்பிள்ளைகளின் இடுப்பைப் பற்றி மிக்கேலம்மாளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து அவள் பார்த்ததெல்லாம் இடுப்புகள்தான். தொப்பை சரிந்து பெல்ட்டை மூடிக்கொண்ட இடுப்பு, எலும்பு துருத்திக்கொண்டு பெல்ட் நிற்காமல் நழுவும் இடுப்பு, வேட்டிமேல் பச்சை பெல்ட்டைக் கட்டி அதில் பணப்பையையும் பீடிக்கட்டையும் செருகிய இடுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ஆசை. வெள்ளியில் கொடிவேலை செய்த பக்கிள் வேண்டும்.

"இந்த வயித்தத் தாங்கறதுக்குத் தாம்புக்கயிறு போதாதா?" என்று உள்ளிருந்து முணுமுணுப்பாள். முணுமுணுப்பு என்று பேர்தானே தவிர வாசலில் நிற்பவனுக்கு நன்றாகவே கேட்கும்.

அந்த வேலை அந்த ஊருக்கு வந்ததே அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸால்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அமெரிக்காவில் குதிரை ஓட்டுகிறவர்களுக்கு என்று உள்ளங்கை அகலத்துக்குப் பக்கிள் செய்து கப்பலில் அனுப்புகிற கம்பெனி. அது மூடப்பட்டதும் ஒரு பெட்டி உளிகளையும் ஒரு ஊதுவிளக்கையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தான். பக்கத்து ஆரோக்கியபுரத்துக் காட்டில் சோளம் போட்டுக்கொண்டிருந்த அவனுடைய அண்ணன் தம்பிகளுக்கு மத்தியில் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று, "அமெரிக்காக்காரன் இடுப்புல நான் வெட்டுன கொடிதான் மின்னுது" என்று சொன்னான். புதுப்பெண்ணாக இருந்த மிக்கேலம்மாள் அதை நம்பினாள். ஒரு வருஷம் போல நம்பினாள். பிறகு அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

அவனுக்கு நன்றாக வரைய வரும். அதைவிட நன்றாகப் பேச வரும். பொறுமைதான் வராது. இந்த வேலையோ முழுக்கப் பொறுமை. பித்தளைத் தகட்டில் பக்கிளை அறுத்து எடுத்து, அதன்மேல் ஒட்டுவதற்கு மெல்லிய வெள்ளித் தகட்டில் கொடியை வரைந்து, தலைமுடி போன்ற ரம்பப்பட்டையால் சுருள் சுருளாக அறுக்க வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் அறுத்தால் பட்டை ஒடியும், உடனே பட்டையை விற்றவனின் அம்மாவைத் திட்டுவான். அறுத்த கொடியை வெண்காரம் தடவிப் பித்தளைமேல் படுக்கவைத்து, ஒட்டுப்பொடி தூவி, ஊதுவிளக்கில் காட்ட வேண்டும். பொடி உருகி ஓடுகிற அந்த ஒரு கணத்தில் கண் சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் வெள்ளியும் சேர்ந்து உருகிவிடும். அதற்கப்புறம் பக்கிளை அரக்கில் பதித்து, உளியால் இலைக்கு நரம்பும் சுருளுக்கு நிழலும் வெட்டுவது. முதலில் அவள் குறடு பிடித்தாள். பிறகு ரம்பம் பிடித்தாள். மூத்த பெண் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தபோது உளியும் அவள் கையில்தான் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். கடைக்கு மேலே 'ஸ்தனிஸ்லாஸ் சில்வர் ஒர்க்ஸ்' என்று போர்டு. நாற்காலிக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு அரைச்சுவர். அரைச்சுவருக்குப் பின்னால் மிக்கேலம்மாள்.

ஊருக்குத் தெரியாமல் இல்லை. வேலை அந்தம்மாளுடையது, வாய் ஐயாவுடையது என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் வாய் உண்டு என்பது அருகில் போனவர்களுக்குத்தான் தெரியும். பெண்டாட்டி பெயரைப் பக்கிளில் போடச் சொன்ன ஒரு வாத்தியாரிடம், "வூட்டுல ஒருநாள் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, செலவு மிச்சம்" என்றாள். சிங்கம் போடச் சொன்ன டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மானு போடறேன், பொருத்தமா இருக்கும்" என்றாள். திட்டு வாங்கிக்கொண்டும் வந்தார்கள். பாலக்கோட்டிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்தார்கள். வேலை அப்படி. அவள் வெட்டிய கொடி பித்தளைமேல் ஒட்டிவைத்தது போல இராது, அங்கேயே முளைத்தது போல இருக்கும். அந்தக் கொடியைத் தொப்பைமேல் கவிழ்த்துக்கொண்டு கருவாட்டுக் கடையில் பேரம் பேசப் போகிறவர்களை நினைத்தால்தான் அவளுக்கு எரியும்.

தக்காளி மண்டி முனிராஜ் வந்தது இந்தக் கட்டத்தில்தான். சந்தையில் பாதி அவனுடையது. விளைந்ததை எல்லாம் அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு அவனுக்கே கும்பிடும் போட்டுவிட்டுப் போவார்கள் குடியானவர்கள். வயதில் ஸ்தனிஸ்லாஸைவிடச் சின்னவன். ஆனாலும் "டேய் ஸ்தனிசு" என்றுதான் கூப்பிடுவான். ஸ்தனிஸ்லாஸ் அதற்குச் சிரிப்பான். சும்மா இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான்.

முனிராஜின் முதல் பக்கிள் தயாரானபோது அவன் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கையிரண்டையும் இடுப்பில் ஊன்றி நின்றுகொண்டு, "மாட்டி உடுடா, எப்படி இருக்குதுன்னு பாப்பம்" என்றான். ஸ்தனிஸ்லாஸ் பெல்ட்டை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டான். முனிராஜின் தொப்பையைச் சுற்றிக் கையை விட்டு பெல்ட்டை இழுத்து, பக்கிளை மாட்டி, தோள்துண்டால் துடைத்தும் விட்டான்.

அரைச்சுவருக்கு மேலாக மிக்கேலம்மாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நடுப்பூசை மணி அடிக்கும்போது, முட்டிவலி என்று சொல்லி நற்கருணைக்கு முன்னால்கூட முட்டி போடாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிற மனுஷன் அவன்.

"முட்டி நல்லாத்தான் மடங்குது" என்றாள், முனிராஜ் போனபிறகு.

"பெரிய மனுசங்க. நாலு பேரக் கூட்டியாருவாங்க. உனக்கு என்னா தெரியும்?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புருஷன்மேல் இருந்த கடைசி மரியாதையும் போனது. சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள். 'ஏங்க' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரு மாசம் கழித்துத்தான் அவன் அதைக் கவனித்தான்.

முனிராஜ் உண்மையிலேயே நாலு பேரைக் கூட்டி வந்தான். கூடவே ஒரு பெரிய வேலையையும் கொண்டுவந்தான். அவனிடம் ஒரு மயிலைக் காளை இருந்தது. எருது விடுகிற ஊரிலெல்லாம் ஓடிப் பேர் வாங்கின மாடு. பொங்கல் கழிந்து நடக்கும் ஓட்டத்துக்கு அதற்குக் கொம்புக் குப்பி செய்ய வேண்டும், பித்தளைக் குப்பியின்மேல் அடியிலிருந்து நுனிவரை வெள்ளிக்கொடி ஏற வேண்டும் என்றான். வெள்ளிக்குத் தன் அம்மாவின் பழைய தண்டைகளைக் கொண்டுவந்து போட்டான்.

கொம்பை அளக்க மிக்கேலம்மாளே அவன் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். காளை திரும்பி அவளை ஒருமுறை பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டது. நூல் வைத்துக் கொம்பைச் சுற்றும்போதும் அசையவில்லை, குழையவில்லை, நக்க வரவில்லை. அவளுக்கு அதைப் பிடித்துப் போயிற்று. அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரைப் பார்த்தும் பல்லைக் காட்டாத ஒரே ஆம்பிளை என்று தங்கச்சிக்குச் சொன்னாள்.

அதனால்தானோ என்னவோ அந்தக் குப்பிகளைப் போல அவள் அதற்கு முன்னால் எதையும் செய்ததில்லை. தட்டையான பக்கிளில் கொடி ஒட்டுவது ஒன்று, கூம்பாக வளைந்து போகிற குப்பியில் ஏற்றுவது வேறு. வெள்ளியை முதலில் வளைக்க வேண்டும், வளைந்தது சூட்டில் நிமிரப் பார்க்கும், கம்பி கட்டி அடக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஆரம்பித்து தைப் பனிவரை இழுத்தது. அடியில் அகலமான இலைகள், ஏற ஏறச் சின்ன இலைகள், நுனியில் ஒரு தளிர்ச்சுருள். மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தாள்.

அவள் குப்பியில் மூழ்கிக் கிடந்த அந்த நாட்களில்தான் முன்னால் வேறொரு காரியம் நடந்தது. மண்டிக்கு வேண்டிய பஞ்சாயத்துக்காரர்களுக்கும் லாரி ஏஜண்டுகளுக்கும் பொங்கலுக்கு வெள்ளிப் பக்கிள் போட்ட பெல்ட் கொடுப்பதாக முனிராஜ் சொல்லிவிட்டான். சொன்னபிறகு அத்தனைக்கும் வெள்ளி வாங்க மனசு வரவில்லை.

"ஜெர்மன் சில்வர்ல போட்டுடுடா. எவன் ஒரசிப் பாக்கப் போறான்?" என்று ஸ்தனிஸ்லாஸின் காதில் சொன்னான்.

அது மிக்கேலம்மாளின் காதிலும் விழுந்தது. "நான் செய்ய மாட்டேன்" என்று சுவருக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். "ஜெர்மன் சில்வர்னு சொல்லிக் குடுத்தா செய்யறேன். வெள்ளின்னு சொல்லிக் குடுக்கறதுன்னா வேற ஆளப் பாருங்க."

முனிராஜ் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ பாத்துக்கடா" என்று ஸ்தனிஸ்லாஸிடம் சொல்லிவிட்டுப் போனான். ஸ்தனிஸ்லாஸும் பார்த்துக்கொண்டான். ரொம்ப வருஷம் கழித்து ரம்பத்தை எடுத்து, தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அவளுடைய பழைய படங்களைப் பார்த்துக் கொடி அறுத்து ஒட்டினான். பெல்ட்டுகள் போய்ச் சேர்ந்தன. வாங்கினவர்கள் எல்லாரும் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

மாட்டிக்கொண்டது இரண்டே வாரத்தில். லாரி ஏஜண்ட் கருப்பண்ணன் தனக்கு வந்த அன்பளிப்பைப் பாலக்கோட்டில் அடகு வைக்கப் போயிருக்கிறான். அடகுக்கடைக்காரர் கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் தூக்கிப் போட்டாராம். கொடுத்ததை உடனே அடகு வைக்கப் போனவனுக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் மற்றவர்களிடம் சொல்ல, இரகசியமாக ஆளுக்கொரு கல்லில் உரசிப் பார்த்துக்கொண்டு, எல்லாருமாக மண்டிக்குப் போய் நின்றார்கள். முனிராஜுக்கு முகம் செத்துவிட்டது. அத்தனை பேரையும் நேராகக் கடைக்குக் கூட்டிவந்துவிட்டான்.

நல்ல வெயில் நேரம். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஸ்தனிசு, நான் உனக்கு வெள்ளி குடுத்தனா இல்லியா?"

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றான். "குடுத்தீங்கங்க" என்றான்.

"அப்ப அது எங்கடா போச்சு?"

ஸ்தனிஸ்லாஸ் முனிராஜைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி அரைச்சுவரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. உள்ள வேலையெல்லாம் அவதானுங்க பாக்கறா."

மிக்கேலம்மாள் குப்பியின் தளிர்ச்சுருளுக்கு நிழல் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டிருந்த கோட்டை முடித்துவிட்டுத்தான் உளியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூடச் சரியாக வரவில்லை. சோற்றில் பல்லி கிடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

குப்பிகள் இரண்டையும் ஊதுவிளக்கையும் ஒரு சட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஸ்தனிஸ்லாஸின் நாற்காலிமேல் ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் ஒரு குப்பியை நிறுத்தினாள். அப்போதுதான் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். வெயிலில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. யாரோ "அடேயப்பா" என்றார்கள். முனிராஜே ஒரு அடி முன்னால் வந்தான்.

அவள் விளக்கைப் பற்றவைத்தாள்.

"என்னாம்மா பண்ற?" என்றான் முனிராஜ்.

"உங்க வெள்ளியத் தேடறேங்க."

சுடர் குப்பியின் அடியில் விழுந்து மேலே ஏறியது. பித்தளை கறுத்தது, பிறகு சிவக்க ஆரம்பித்தது. இலைகளுக்கு அடியில் ஒட்டு பளபளவென்று ஓடியது. அவள் சின்னக் குறடால் முதல் இலையைப் பிடித்து உரித்துத் தண்ணீரில் போட்டாள். சுர்ர் என்றது. அடுத்த இலை. அடுத்தது.

"ஏம்மா வேணாம்மா, நிறுத்தும்மா!" முனிராஜின் குரல் கீச்சென்று வந்தது. "ஓட்டம் வர வாரம்மா! மாட்டுக்கு நான் என்னாத்தப் போடுவேன்?"

"மாட்டுக்கு வெள்ளி போட்டுக்கற ஆசை இல்லீங்க. நான் பாத்திருக்கேன்."

நிறுத்தச் சொன்னானே தவிர அவளைத் தடுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. கையில் எரிகிற விளக்கு. முதல் குப்பி மொட்டையானதும் இரண்டாவதை வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் தலைமேல் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். கடைசித் தளிரை உரித்துப் போட்டதும் தண்ணீரைக் கவிழ்த்து, நசுங்கியும் கருகியும் கிடந்த இலைகளை ஒரு துணியில் கொட்டி முடிந்தாள். முனிராஜின் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"இது உங்க ஆத்தாளோட தண்டைங்க. கல்லுல ஒரசிப் பாத்துக்கங்க, தராசுல போட்டுப் பாத்துக்கங்க. நான் திருடி இருந்தா இதுல திருடி இருப்பேன். உங்க ஜெர்மன் சில்வர்ல திருட என்னா இருக்குது?"

கருப்பண்ணன் முனிராஜைப் பார்த்தான். மற்றவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓசூர் பஸ் வந்தது. அதைச் சாக்காக வைத்துக் கலைந்தார்கள்.

அவள் உளிப்பெட்டியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இருந்த பெண்கள் இரண்டையும் கூப்பிட்டுக்கொண்டு, தருமபுரி பஸ்ஸில் ஏறினாள். தங்கச்சி இன்னாசியம்மாளை அதியமான்கோட்டையில் கொடுத்திருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்களுக்குப் பஞ்சர் கடை ஒன்று இருந்தது. அதன் பக்கத்துச் சாய்ப்பில் பெட்டியை இறக்கினாள்.

அந்த வருஷ ஓட்டத்தில் மயிலைக் காளை மொட்டைப் பித்தளைக் குப்பியோடு ஓடி முதலாவதாக வந்தது. கேள்விப்பட்டபோது, "அதுக்கென்ன, நாலு காலும் நல்லா இருக்குது" என்றாள்.

புருஷனோடு சேர்ந்து வாழச் சொல்லிப் புத்தி சொல்ல மாரண்டஹள்ளி உபதேசியார் வந்தார். "கடவுள் சேத்து வெச்சதும்மா" என்றார்.

"சேத்தது அவருதாங்க. ஒட்டு சரியாப் புடிக்கல" என்று சொல்லி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

லாரிக்காரர்கள் வந்தார்கள். பக்கிள், கத்தி உறை, ஒரு பஞ்சாபி டிரைவருக்குக் கைக்காப்பு. தோசைக்கும் டயருக்கும் நிறுத்தினவர்கள் அவளுடைய சாய்ப்பிலும் எட்டிப் பார்த்தார்கள். அங்கே போர்டு வைக்கவில்லை. பேரம் பேசியவனிடம், "கடைத்தெருவுல அச்சுல அடிச்சது கெடைக்கும், போய் வாங்கிக்க" என்பாள். அவன் போய்விட்டுத் திரும்பி வருவான்.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு வருஷம் கழித்து வந்தான். கடை ஓடவில்லை. முனிராஜ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தம்பி வீட்டில் சோறு கசந்துவிட்டது. சாய்ப்பின் வாசலில் பையோடு நின்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"புள்ளைங்களப் பாக்கணும்னு இருந்துது" என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பெருக்கித் தள்ளவும் தோன்றவில்லை, உள்ளே எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. "பாலிஷ் போடறதுக்கு ஆள் இல்ல. பின்னாடி உக்காந்து போடு. வர்றவங்ககிட்ட நீ பேசக் கூடாது" என்றாள்.

அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். வருஷக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருந்தான். பாலிஷ் நன்றாகத்தான் போட்டான். அதை அவள் சொன்னதில்லை.

எண்பத்தொன்பதில் ஒருநாள் கருப்பண்ணன் வந்து இறங்கினான். இப்போது சொந்தமாக லாரி வைத்திருந்தான். பையிலிருந்து அந்தப் பழைய பொங்கல் பக்கிளை எடுத்து நீட்டினான்.

"அக்கா, இதே மாதிரி நெச வெள்ளில போட்டுக் குடுங்க. இதப் போட்டு அலுத்துப்போச்சுங்க."

அவள் பக்கிளைத் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் ரம்பம் வழுக்கிப் பல் பல்லாக இருந்தது. ஆனால் ஒரு மூலையில், ஒரே ஒரு சுருள், யாரோ பொறுமையாக இருக்கப் பார்த்து முக்கால்வாசி இருந்தும் விட்ட மாதிரி நன்றாக வந்திருந்தது. பின்னால் பாலிஷ் சத்தம் நின்றுவிட்டது. அவள் திரும்பாமல் பக்கிளைப் பின்பக்கம் வீசினாள். "உன்னுதுதான். கொடியக் கழட்டி எடு."

கருப்பண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். பழைய பழக்கம் போலப் பேச ஆரம்பித்தான். "அன்னிக்கு நீங்க எடுக்கலன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியுங்கக்கா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கேதாங்க. முனிராஜோட கை எப்படிப்பட்டதுன்னு தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏன் ஒருத்தனும் வாயத் தெறக்கல?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவரு பக்கத்துலயே நின்னாருங்களேக்கா. மண்டியில தொழிலு வேற."

மிக்கேலம்மாள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள், கருப்பண்ணனும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான். இத்தனை வருஷமும் அவர்கள் தன்னைத் திருடி என்று நம்பினார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஏமாந்த ஜனம் என்று கொஞ்சம் இரக்கமும் வைத்திருந்தாள். அந்த இரக்கத்தையும் இப்போது எடுத்துவிட்டாள்.

"எழுந்திரு, அளவு எடுக்கணும்" என்றாள். அவன் எழுந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தான். அவள் டேப்பை அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நீயே சுத்திக்கிட்டுச் சொல்லு."